தமிழ்ப் பத்திக்குள் அரபு வரி: வேர்டிலும் ரைட்டரிலும் வலமிருந்து இடமாக எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தட்டச்சும் பக்க அமைப்பும் என் தொழில். வருவது பெரும்பாலும் தமிழ்ப் புத்தகம்தான். ஆனால் நடுவில் குர்ஆன் வசனம் இருக்கும், துஆ (பிரார்த்தனை) இருக்கும், ஹதீஸ் (நபிமொழி) இருக்கும். மதரஸா வினாத்தாள், நிக்காஹ் அழைப்பிதழ், எப்போதாவது உருதுக் கவிதை என்றும் வரும். இந்த வேலையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் இரண்டையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

அரபு வரியை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டேன். ஆனாலும் முற்றுப்புள்ளி வரியின் தொடக்கத்தில் போய் நிற்கிறதே?

ஒதுக்குவது வேறு, திசை வேறு. என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு குழப்பத்தில்தான் பிறக்கிறது.

கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் பத்தி வலது ஓரத்துக்கு நகரும், அவ்வளவுதான். பத்தி இன்னமும் தமிழ்ப் பத்திதான். இடமிருந்து வலமாக ஓடுவதாகவே மென்பொருள் நினைத்துக்கொண்டிருக்கும். அரபு எழுத்துகள் தங்கள் இயல்புப்படி வலமிருந்து இடமாக வரிசையாகும். புள்ளிக்கு அப்படிச் சொந்தத் திசை கிடையாது. வரியின் கடைசியில் தனியாக மாட்டிக்கொண்ட புள்ளி, பத்தியின் திசை எதுவோ அதைப் பின்பற்றும். தமிழ்ப் பத்திக்கு முடிவு வலப்பக்கம் என்பதால் அங்கே போய் நின்றுவிடும். அரபு வாசகருக்கோ வாக்கியம் தொடங்கும் இடம் அது.

செய்ய வேண்டியது பத்தியின் திசையை மாற்றுவது. வேர்டிலும் ரைட்டரிலும் வலப்பக்கத்து கண்ட்ரோல், வலப்பக்கத்து ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். திரும்பத் தமிழ்த் திசைக்கு வர இடப்பக்கத்து ஜோடி.

அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. திசை மாற்றும் பொத்தானும் கண்ணில் படவில்லை.

மென்பொருளுக்கு நீங்கள் இன்னும் அரபு எழுதப்போவதாகச் சொல்லவில்லை. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் என்று போய் அரபையோ உருதையோ எழுதும் மொழியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் அரபு விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர்டை மூடித் திறந்தால் ஹோம் பட்டையின் பத்திப் பகுதியில், பத்திக்குறியும் அம்பும் சேர்ந்த இரண்டு சிறிய பொத்தான்கள் வந்திருக்கும்.

ரைட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழி அமைப்புக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்க வேண்டும். தமிழும் அந்த வகையில்தான் வருகிறது என்பதால் நம்மில் பலருக்கு அது ஏற்கெனவே இயக்கத்தில் இருக்கும்.

'நபி' என்று எழுதி, ஸலவாத்தை (நபியின் பெயரை அடுத்து வரும் அரபு வாழ்த்து) ஒற்றை எழுத்தாகப் போட்டு, அடைப்புக்குறிக்குள் (570 - 632) என்று அடித்தேன். திரையில் (632 - 570) என்று வருகிறது. பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் எப்படி இடம் மாறின?

கணினி பிழை செய்யவில்லை. விதியை அப்படியே பின்பற்றுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் திசைக் குணம் ஒன்று உண்டு. தமிழ், ஆங்கில எழுத்துகள் பிடிவாதமாக இடமிருந்து வலம். அரபு, ஹீப்ரு எழுத்துகள் அதே பிடிவாதத்தோடு வலமிருந்து இடம். எண்கள் நடுத்தரம்: தங்களுக்குள் எப்போதும் இடமிருந்து வலமாகவே நிற்கும். அரபு உரைக்குள்ளும் 570 என்பது 570தான், 075 ஆகாது. ஆனால் அந்த எண் எந்தப் பக்கத்துக் கூட்டத்தில் சேரும் என்பதை முன்னால் வந்த எழுத்து முடிவு செய்யும். இடைவெளி, அடைப்புக்குறி, சிறுகோடு போன்றவை பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சாய்பவை.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். ஸலவாத் எழுத்து பார்க்க ஒரு சின்ன முத்திரை போலத் தெரிந்தாலும் குணத்தில் முழு அரபு எழுத்து. அதற்குப் பின்னால் வந்த 570 திரும்பிப் பார்க்கிறது. தமிழ் இல்லை, அரபு நிற்கிறது. 'சரி, நாம் அரபு உரைக்குள் இருக்கிறோம்' என்று முடிவு செய்கிறது. 632ம் அப்படியே. நடுவிலிருக்கும் கோடும் சுற்றியுள்ள அடைப்புக்குறிகளும் அதே பக்கம் சாய்கின்றன. மொத்தமும் ஒரே அரபுத் துண்டாகி வலமிருந்து இடமாக அடுக்கப்படுகிறது. அரபு வாசகர் வலமிருந்து படித்தால் முதலில் 570, பிறகு 632 என்று சரியாகவே இருக்கும். தமிழ் வாசகருக்குத்தான் தலைகீழ். அதோடு அடைப்புக்குறியும் ஸலவாத்துக்கு இடப்பக்கம் போயிருக்கும், கவனித்திருப்பீர்கள்.

மருந்து எளிது. ஸலவாத்துக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாத 'இடமிருந்து வலம்' குறி ஒன்றைப் போடுங்கள். அகலமே இல்லாத இந்தக் குறிக்குத் தமிழ் எழுத்தின் குணம். 570 திரும்பிப் பார்க்கும்போது இப்போது அரபுக்குப் பதில் இது நிற்கும். எண்கள் தமிழ்ப் பக்கம் வந்துவிடும்.

ரைட்டரில் இன்செர்ட் மெனுவில் 'ஃபார்மட்டிங் மார்க்' என்பதற்குள் இது இருக்கிறது. வேர்டில் 200 என்று அடித்து, ஒட்டியே ஐந்தாவது ஆங்கில எழுத்தான இ-யையும் அடித்து ஆல்ட்-எக்ஸ் அழுத்துங்கள். இ-க்குப் பதில் எஃப் அடித்தால் எதிர்த்திசைக் குறி வரும். அரபுப் பத்திக்குள் தமிழ்ச் சொல் போடும்போது அது உதவும்.

வசன எண்ணிலும் இதே கதைதான். அரபு வரியை அடுத்து, இரண்டாம் அத்தியாயத்தின் 255 முதல் 257 வரையிலான வசனங்கள் என்ற பொருளில் (2:255-257) என்று போட்டால் (257-2:255) என்று வந்து நிற்கும். இப்படி அச்சான புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசகர் 257வது அத்தியாயத்தை எங்கே தேடுவார்?

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? எண்களையே மாற்றி, 632 - 570 என்று அடித்துவிட்டால் திரையில் சரியாக வருமே?

வரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எழுத்து கோப்பில் சேமிக்கப்படும் வரிசை ஒன்று, திரையில் காட்டப்படும் வரிசை இன்னொன்று. இது நமக்குப் புதிதில்லை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் யூனிகோடு கோப்பில் முதலில் ககரம், அதன் பிறகுதான் கொம்பு. உச்சரிக்கும் வரிசையில் சேமித்து, பார்க்கும் வரிசையில் வரைகிறது கணினி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் ககரத்தை அடித்தோம், நினைவிருக்கிறதா? கண்ணுக்குச் சரியாக இருந்தது. தேட முடியவில்லை, அகர வரிசைப்படுத்த முடியவில்லை, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் குப்பையானது. அரபைக் கண்ணுக்குச் சரியாக மாற்றி அடிப்பதும் அதே வேலைதான்.

இன்று உங்கள் திரையில் சரியாகத் தெரியும். நாளை வரியின் நீளம் மாறி அது வேறிடத்தில் மடிந்தாலோ, யாராவது பத்தியின் திசையைத் திருத்தினாலோ, மின்னூலாக மாற்றினாலோ கலைந்துவிடும். நான் போட்ட விதி ஒன்றுதான்: வாய்விட்டுப் படிக்கும் வரிசையில் அடி, காட்டும் வேலையை மென்பொருளிடம் விடு, அது தடுமாறும் இடத்தில் மட்டும் குறி போடு.

வேர்டில் சரியாக இருந்த கோப்பு ரைட்டரில் வேறு மாதிரித் தெரிகிறது. எது சரி?

ரைட்டர் பெரும்பாலும் மேலே சொன்ன யூனிகோடு விதியையே நம்பியிருக்கிறது. வேர்டுக்குச் சொந்தப் பழக்கம் ஒன்று உண்டு. நீங்கள் அடிக்கும்போது எந்த விசைப்பலகை இயக்கத்தில் இருந்தது என்று பார்த்து, அந்தத் துண்டு வலமிருந்து இடமா இல்லையா என்று கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். அதனால் அரபு விசைப்பலகையில் அடித்த இடைவெளிக்கும் தமிழ் விசைப்பலகையில் அடித்த இடைவெளிக்கும் வேர்டில் குணம் வேறு! பார்வைக்கு இரண்டும் வெற்றிடம்தான்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்: அரபின் கடைசி எழுத்தை அடித்த உடனே தமிழுக்கு மாறிவிட்டு, அதன் பிறகு இடைவெளி, அடைப்புக்குறி, எண் ஆகியவற்றை அடியுங்கள். வேர்டுக்கு மட்டுமான கோப்பென்றால் பெரும்பாலும் இதுவே போதும். கோப்பு பல கை மாறும் என்றால் திசைக் குறியையும் போட்டுவிடுவது நல்லது.

அடைப்புக்குறியை அடித்தால் எதிர்ப்பக்கம் பார்த்து வருகிறது.

யூனிகோடில் அடைப்புக்குறி என்பது இடது, வலது அல்ல, திறப்பது, மூடுவது. அரபுத் துண்டுக்குள் திறக்கும் குறி தானாகவே கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிக்கொள்ளும். அது எதிர்ப்பக்கம் பார்த்தால், அந்தக் குறி நீங்கள் நினைத்த துண்டில் சேரவில்லை என்று பொருள். குறியை அழித்து மறுபக்கக் குறியைப் போடாமல், திசையைத் திருத்துங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. குர்ஆன் வசனத்தைச் சுற்றிப் போடும் பூவேலை அடைப்புக்குறிகள் திரும்பாது. எப்படிப் போடுகிறோமோ அப்படியே நிற்கும். ஆகவே அதில் மட்டும் கண்ணால் பார்த்து, வலப்பக்கத்துக்கு உரியதை முதலில் போட வேண்டும். ஒரு புத்தகம் முழுக்க இவை வெளியே பார்த்தபடி அச்சாகி வந்ததைப் பார்த்த ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருவர், "என்ன தம்பி, வசனத்துக்குக் காவல் போட்டீங்களா, வழியனுப்பி வச்சீங்களா?" என்று கேட்டார். அடித்தவன் நான்தான்.

கர்சர் திடீரென்று தாவுகிறது. தேர்ந்தெடுத்தால் இரண்டு துண்டாகக் கறுக்கிறது. வைரஸா?

இல்லை. தேர்வு சேமித்த வரிசைப்படி நடக்கிறது, திரை காட்டும் வரிசைப்படி கறுக்கிறது. அதனால் ஒரே தேர்வு பார்வைக்கு இரண்டாக உடையும். அம்பு விசை எப்படி நகர வேண்டும் என்பதை, வேர்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸிலும் ரைட்டரில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பக்கத்திலும் 'லாஜிக்கல்', 'விஷுவல்' என்று மாற்றிக்கொள்ளலாம். நான் லாஜிக்கலில் வைத்திருக்கிறேன். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ரைட்டரில் அரபுக்கு அமிரி எழுத்துருவைக் கொடுத்தேன். தமிழும் மாறிவிட்டதே?

ரைட்டர் எழுத்துகளை மூன்று தொட்டியாகப் பிரிக்கிறது: மேற்கத்தியம், ஆசியம் (அதாவது சீனம், ஜப்பான், கொரியா), சிக்கலான எழுத்து. தமிழும் அரபும் மூன்றாவது தொட்டியில் சேர்ந்தே கிடக்கின்றன. எனவே பத்திப் பாணியில் சிக்கலான எழுத்துக்கு ஓர் எழுத்துருவைக் கொடுத்தால் இரண்டுக்கும் சேர்த்தே பாயும். தமிழோடு அரபைக் கலந்து அடிக்கும் நமக்குக் கூடுதலாக வந்து சேரும் தலைவலி இது. ஆங்கிலமும் அரபும் கலந்து எழுதுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பத்திப் பாணியில் தமிழ் எழுத்துருவை வைத்துக்கொண்டு, 'அரபு' என்று ஒரு எழுத்துப் பாணி உருவாக்கி அதில் அமிரியையும் அளவையும் கொடுங்கள். அரபு வருமிடத்திலெல்லாம் அதை ஏற்றுங்கள். தனிப் பத்தியாக வரும் வசனங்களுக்குத் திசை, எழுத்துரு, வரி இடைவெளி மூன்றும் சேர்ந்த தனிப் பத்திப் பாணி. அளவைப் பொறுத்தவரை, தமிழ் 11 புள்ளி என்றால் ஹரகத் (எழுத்தின் மேலும் கீழும் வரும் ஒலிக்குறிகள்) போட்ட அரபுக்கு 16க்குக் குறையாமல் வைக்கிறேன்.

அமிரியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கெய்ரோவின் பூலாக் அச்சகத்து ஈய எழுத்துகளை முன்மாதிரியாக வைத்துச் செய்த இலவச எழுத்துரு அது; ஹரகத் ஒன்றோடொன்று இடிக்காமல் நிற்கும். வரி இடைவெளியை மட்டும் 'ஃபிக்ஸ்ட்' (வேர்டில் 'எக்ஸாக்ட்லி') என்று பூட்டிவிடாதீர்கள். மேலேயுள்ள ஷத்து, ஃபத்ஹா குறிகள் வெட்டுப்படும்.

பாமினியில் அடித்த பழைய தமிழை அரபுப் பத்திக்குள் வைத்தால் கடைசிப் புள்ளி மட்டும் ஓடிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி உண்மையில் ஆங்கில அரைப்புள்ளிக் குறி. கணினிக்கு அது தமிழ் இல்லை, நிறுத்தற்குறி. சொந்தத் திசை இல்லாதது. 'படம்' என்று முடிந்தால் அந்தப் புள்ளி மகரத்தை விட்டுக் கிளம்பிச் சொல்லின் மறுபக்கம் போய்விடும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எண்ணை அரபு வடிவில் எப்படிக் கொண்டுவருவது?

வேர்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'நியூமரல்' என்றொரு தேர்வு இருக்கும். அதில் 'அராபிக்' என்பதைத் தேர்ந்தால் வருவது நம்முடைய 1, 2, 3. அரபு நாட்டு வடிவம் வேண்டுமென்றால் 'ஹிந்தி' என்பதைத் தேர வேண்டும்! எண்கள் இந்தியாவிலிருந்து போனவை என்பதால் அரபியர் தங்கள் எண்களை இந்திய எண்கள் என்றே சொல்கிறார்கள்; ஐரோப்பியர் அதே எண்களை அரபியரிடமிருந்து வாங்கியதால் அரபு எண் என்கிறார்கள். அந்த நன்றிக்கடன் மெனுவில் வந்து நம்மைக் குழப்புகிறது. 'கான்டெக்ஸ்ட்' என்று வைத்தால் சுற்றியுள்ள எழுத்தைப் பார்த்து மாறும்.

இந்தத் தேர்வு காட்டும் வடிவத்தை மட்டுமே மாற்றும். நூலுக்கு நிரந்தரமாக வேண்டுமென்றால் அரபு எண்களையே நேரடியாக அடியுங்கள். உருதுக்கு 4, 5, 6, 7 ஆகியவற்றின் வடிவம் வேறாக வரும் என்பதையும் கவனியுங்கள்.

நீண்ட வசனத்தைத் தமிழ்ப் பத்திக்குள்ளேயே விடலாமா?

நான்கைந்து சொல் என்றால் விடலாம். வரி மடியும் அளவுக்கு நீண்டால் வேண்டாம். மடியும்போது வசனத்தின் முதல் பாதி மேல் வரியின் வலக் கோடியில் வலமிருந்து இடமாக நிற்கும். மறுபாதி கீழ் வரியின் இடப்பக்கத்தில் தன் பங்குக்கு வலமிருந்து இடமாக நிற்கும். விதிப்படி சரிதான். ஆனால் ஓதுகிறவர் கண் எங்கே போகும்? தனிப் பத்தியாக எடுத்துத் திசையை மாற்றிவிடுங்கள்.

இருபுறமும் சமமாக நிரப்பும்போது அரபில் ஓட்டை விழுகிறது.

தமிழில் சொல்லிடைவெளியை நீட்டுவோம். அரபில் எழுத்துகளை இணைக்கும் கோட்டையே நீட்டுவது மரபு, கஷீதா என்பார்கள். திசை மாற்றிய பத்தியில் வேர்டு இதற்குக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தனித் தேர்வுகள் தருகிறது. எழுத்திடைவெளியை மட்டும் கூட்டாதீர்கள், இணைந்த எழுத்து பிய்ந்துவிடும். குர்ஆன் வசனத்தில் கஷீதாவையும் நான் போடுவதில்லை. ஒரு பக்கம் சமமில்லாமல் போனாலும் போகட்டும்.

உருதுக்கும் அரபுத்தமிழுக்கும் இதே முறைதானா?

திசை ஒன்றுதான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து உருது வாசகர்கள் நஸ்தலீக்கைத்தான் எதிர்பார்ப்பார்கள். சொல் வலது மேலிருந்து இடது கீழாகச் சரியும் எழுத்து அது. நோட்டோ நஸ்தலீக் உருதுவைப் போட்டுவிட்டு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். சென்னை திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'முஸல்மான்' நாளிதழ் கணினிக் காலத்திலும் கையால் எழுதியே அச்சானது. நஸ்தலீக்கை வரிசைப்படுத்த முயன்றவருக்கு அது வெறும் பிடிவாதமாகத் தோன்றாது.

அரபுத்தமிழ் சுவாரசியமானது. மொழி தமிழ், எழுத்து அரபு. கீழக்கரை இமாமுல் அரூஸ் சையிது முகம்மது ஆலிம் காலத்து நூல்களை இன்று மறுபடி தட்டச்சு செய்ய முயல்கிறவர்கள், மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டுத் திசை ஏன் மாறவில்லை என்று கேட்கிறார்கள். திசை மொழியைச் சேர்ந்ததல்ல, எழுத்தைச் சேர்ந்தது. பத்தியின் திசையை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

ஹீப்ருவும் இப்படித்தானா? இறையியல் கல்லூரிக்குக் குறிப்பு அடிக்கிறேன்.

கிட்டத்தட்ட. எழுத்துகள் ஒட்டாது என்பதால் வேலை கொஞ்சம் எளிது. ஒரு சிறு வேறுபாடு: ஹீப்ருவுக்குப் பின் 5-7 என்று இடைவெளியின்றி அடித்தால் எண்கள் தங்களுக்குள் இடம் மாறாது. ஆனால் மொத்தமாக ஹீப்ருச் சொல்லின் இடப்பக்கம் போய்விடும். குறி போடும் வேலை அங்கும் உண்டு.

அட்டவணையையும் புத்தகத்தையும் வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அட்டவணையின் பண்புகளில் அதற்கெனத் தனித் திசை இருக்கிறது. மாற்றினால் முதல் நிரல் வலப்பக்கம் வரும். பத்திகளை மட்டும் மாற்றிவிட்டு நிரலை மறந்துவிடுவது வழக்கமான தவறு. முழுப் புத்தகத்துக்கு, வேர்டில் பக்க அமைப்பின் லேஅவுட்டில் 'செக்‌ஷன்' திசையையும், ரைட்டரில் பக்கப் பாணியின் திசையையும் மாற்றுங்கள். தையல் எந்தப் பக்கம் என்று அச்சகத்தில் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த அரபு தலைகீழாக வருகிறது. யாரோ மாற்றி அடித்த பழைய கோப்பும் கையில் இருக்கிறது. இவற்றை எப்படித் திருத்துவது?

பிடிஎஃப் பல சமயம் எழுத்தின் படத்தை, தாளில் நிற்கும் வரிசையிலேயே வைத்திருக்கும். நகலெடுத்தால் கடைசி எழுத்து முதலில் வரும், அல்லது சொல்லின் முதல், நடு, இறுதி வடிவங்கள் தனித்தனிக் குறிகளாக வரும். பார்க்க அரபு மாதிரியே இருக்கும். ஆனால் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. மாற்றி அடித்த கோப்பையும் இதே சோதனையில் கண்டுபிடிக்கலாம்: அரபுச் சொற்றொடரை ஒழுங்காக அடித்துத் தேடுங்கள். அகப்படாவிட்டால் உள்ளே கலைந்திருக்கிறது.

குர்ஆன் வசனமென்றால் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். நம்பகமான யூனிகோடு பதிப்பிலிருந்து வசன எண்ணை வைத்து எடுத்து ஒட்டிவிட்டு, ஆலிம் ஒருவரிடம் மெய்ப்புக்குக் கொடுங்கள். மற்ற அரபுக்கு, ஒரு துஆத் தொகுப்பில் ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் பார்த்தேன். மூன்று நாளில் 12 பக்கம் முடிந்தது. நான்காம் நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். அதே 12 பக்கம் மாலை அஸருக்குள் முடிந்தது.